கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

நெல்லைப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் சீட் கவர் கடை வாசலில் கேட்டுப் பழகிய பேச்சு இது: "அண்ணாச்சி, பழச எதுக்குப் பிரிக்கணும்? மேலேயே விரிச்சு ஒட்டிருவோம். சாயங்காலம் வண்டிய எடுத்துட்டுப் போயிரலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அரை நாள் வேலை, கையில் அழுக்கில்லை, கதவைத் திறந்தால் தரை பளிச்சென்று இருக்கும். ஆனாலும் இந்தப் பேச்சை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை. பழைய காரில் கார்பெட் மாற்றுவதால் கிடைக்கும் பெரிய லாபமே பழசைப் பிரிப்பதில்தான் இருக்கிறது. பிரிக்காமல் புதுசு போடுவது, ஒழுகும் ஓட்டுக்குக் கீழே பொய்க்கூரை கட்டுவது மாதிரி.

மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றது. ஆகவே இன்று ஓடுவதில் இளைய வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. பிரீமியர் பத்மினி கார் அதற்கும் மூத்தது. எதை எடுத்தாலும் தரையின் அடுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மேலே கார்பெட். அதற்கடியில் கந்தல் நூலும் சணலும் கலந்து அழுத்திய ஃபெல்ட். அதற்கும் அடியில், சத்தம் அடங்க ஒட்டிய தார் ஷீட். கடைசியில், ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத இரும்புத் தகடு. இதில் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்வது ஃபெல்ட். கார்பெட் மேலே காய்ந்திருக்கும், கீழே ஃபெல்ட்டைப் பிழிந்தால் சொட்டும். பழைய கார்பெட்டாவது வெயிலில் கதவைத் திறந்து வைத்தால் கொஞ்சம் மூச்சுவிடும். அதன்மேல் ரெக்ஸினை ஓரம் முட்ட ஒட்டிவிட்டால் அந்த வழியும் அடைபடும். ஈரம் போக இடமில்லாமல் தகட்டைத் தின்னத் தொடங்கும். பத்தமடைப் பாயை ஈரத் தரையில் விரித்தபடியே விட்டால் அடிப்பக்கம் கறுத்துப்போகும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பாயைச் சுருட்டி எடுத்து வைக்கத் தெரிந்த நாம், காரில் மட்டும் பாய்மேல் பாயாக விரித்துக்கொண்டே போகிறோம்.

எந்த மாதத்தில் கை வைப்பது

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. பங்குனி முடிந்து சித்திரை, வைகாசிதான் காலம். தரை காய மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும், பிரைமர் காய ஒரு நாள் வேண்டும், புது கார்பெட் வளைந்து படியவும் சூடு வேண்டும். வெளியூர்களில் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வைத்துச் செய்வதில் பாதியை நம் ஊர் வெயிலே செய்துவிடும். குற்றாலப் பக்கம் வசிப்பவர்கள் ஆனி, ஆடியையும் தவிர்க்க வேண்டும். பாளையங்கோட்டையில் வெறும் காற்று வீசும் நாளில் தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருக்கும்.

ஊருக்கு ஊர் தரையின் நோயும் மாறும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றோடு, கடற்கரை மணல் ஒட்டிய காலும் உள்ளே வருகிறது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் என்பதால் மழையே இல்லாத மாதத்திலும் ஃபெல்ட் நசநசப்பாகவே இருக்கும். திசையன்விளைப் பக்கம் தேரி மண். அந்தச் சிவப்புப் பொடி மணல் கார்பெட்டின் வேருக்குள் இறங்கி, ஒவ்வொரு மிதிக்கும் உப்புத்தாள் மாதிரி நூலை அறுக்கும். ஓட்டுநரின் குதிகால் படும் இடம் முதலில் ஓட்டையாவது இதனால்தான். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நீரில் நின்ற வண்டிகள் தனி ரகம். மேலே கழுவிக் காய வைத்துவிட்டாலும், சீட்டுக்குக் கீழே குறுக்கே போகும் மேட்டின் ஓரத்தில் வண்டல் படிந்திருக்கும். அது வருஷக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அப்படிப்பட்ட வண்டியை வாங்கியிருந்தால் கார்பெட் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

கழற்றும் வரிசை

முந்தின நாள் மாலையே சீட் போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிட வேண்டும். மேலே தெரியும் தலைக்கு அடிப்பது மட்டும் போதாது. போல்ட்டின் மரை வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தால், சேறும் தண்ணீரும் அடித்துத் துருவேறியிருப்பது அந்த முனைதான். கீழே படுத்து, கம்பி பிரஷ்ஷால் முனையைத் தேய்த்துவிட்டு அங்கே அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் நீளக் கைப்பிடி போட்டு இழுத்தால் போல்ட் முறியும். அதைவிட மோசமாக, தரைத் தகட்டில் வெல்டு வைத்த நட் பிய்ந்து, போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். அப்புறம் தகட்டை அறுத்து நட்டை மறுபடி வெல்டு வைக்காமல் சீட்டைப் பழையபடி பொருத்த முடியாது. ஒரு ராத்திரி பொறுத்தால் தப்பிக்கக்கூடிய செலவு அது.

மறுநாள் முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவது. ஏர்பேக் உள்ள வண்டியானால் சில நிமிடம் காத்திருந்துவிட்டு, சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டரைத் தொடவும். அது பிரிந்திருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினால் முன் போல்ட்டுகள் தெரியும், முழுக்க முன்னால் தள்ளினால் பின் போல்ட்டுகள் தெரியும். ஜப்பான் வழி வந்த சிறு கார்களில் பெரும்பாலும் 12 அல்லது 14 ஸ்பேனர் போதும். சீட் பெல்ட்டின் அடி போல்ட்டுக்கு 17 வேண்டியிருக்கும். இந்த பெல்ட் போல்ட் பல வண்டிகளில் அங்குல மரை. சாதாரண மில்லிமீட்டர் போல்ட்டை அதில் திணித்தால் மரை கெட்டுவிடும், உயிரைக் காக்கும் இடம் அது. அதனால் ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனிக் கவரில் போட்டு, எந்த இடம் என்று எழுதி வையுங்கள். பிறகு கதவுப் படித் தகடுகள், முன் மூலைகளில் உள்ள பிளாஸ்டிக் மூடிகள், ஹேண்ட் பிரேக் கவர், கியர் லீவரின் ரப்பர் உறை, பின் சீட்டின் அடிப்பகுதி. பிளாஸ்டிக் கிளிப்புகளில் நான்கில் ஒன்று உடையும், அதுவும் வயதான பிளாஸ்டிக் வெயிலில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். பத்துப் பதினைந்து கிளிப் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. உடைந்த படித் தகட்டுக்குக் காயலான் கடையில் தேடினால் கிடைக்கும்.

கார்பெட்டைப் பின்னாலிருந்து முன்னால் உருட்டிக்கொண்டு வாருங்கள். முன் ஓரம் ஏசி பெட்டிக்கு அடியில் போய்ச் சொருகியிருக்கும். அங்கே இழுத்துக் கிழிப்பதைவிட நேராக ஒரு வெட்டு வெட்டி எடுப்பது மேல். எவ்வளவு நாறினாலும் பழைய கார்பெட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், புதுசுக்கு அதுதான் அளவு. கழுவி, வெயிலில் சமமாகக் காய வைத்து, கிழிந்த இடங்களை டேப் போட்டு ஒட்டி, எது முன் எது பின் என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

ஃபெல்ட்டைத் தூக்கிய பிறகு

இந்த வேலையில் அவசரப்படவே கூடாத ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான். ஃபெல்ட்டைத் தூக்கியதும், எங்கே ஈரம், எங்கே கறை, எங்கே துரு என்பதை முதலில் போனில் படம் எடுத்து வையுங்கள். துடைத்துவிட்டால் அந்தத் தடயம் திரும்பக் கிடைக்காது. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதை அந்தக் கறை சொல்லும். இடது முன் மூலையில் மட்டும் ஈரம் என்றால் ஏசித் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கலாம். வெயில் காலத்தில் மட்டும் நனைந்தால் சந்தேகமே வேண்டாம். பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை, ஹீட்டர் குழாயிலிருந்து ஒழுகும் கூலன்ட். நம் ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை என்பதால் அந்த ஒழுகல் வெகுநாள் தெரியாமலே இருக்கும். கதவோரம் நீளமாக ஈரம் என்றால், கதவுக்குள் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருக்கும். பவர் விண்டோ வேலை செய்தவர் பிய்த்துப் போட்டுவிட்டு, திரும்ப ஒட்டாமல் விட்டிருப்பார். கதவின் அடி விளிம்பில் உள்ள ஓட்டைகள் மண்ணடைத்தாலும் இதே கதைதான். வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டிகளில், வைப்பர் உட்காரும் பள்ளத்தில் இலையும் பூவும் மக்கி வடிகாலை அடைக்கும். தண்ணீர் தேங்கி, வயர் போகும் ரப்பர் வழியாக உள்ளே இறங்கும்.

கறையைப் பார்த்தும் பிடிபடவில்லை என்றால், தகட்டை நன்றாகக் காய வைத்து, அதன்மேல் கோலப்பொடியை மெல்லியதாகத் தூவுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்க வேண்டும். கீழிருந்து மேலே போவதுதான் முறை. முதலில் கதவின் அடிப்பாகம், ஐந்து நிமிடம். பிறகு கண்ணாடியின் அடி, இன்னொரு ஐந்து நிமிடம். கடைசியில் கூரை. எடுத்த எடுப்பில் மேலே தண்ணீர் விட்டால் எல்லா இடமும் நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். பொடியில் ஒரு கோடு விழும், அந்தக் கோட்டின் தலைப்பில் ஓட்டை இருக்கும். ஒழுகலை அடைக்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

அடுத்தது தகடு. தார் ஷீட் நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தை விட்டுவிடலாம். வெடித்தோ உப்பியோ இருந்தால், அடியில் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம், எடுத்தே ஆக வேண்டும். இதற்கு விடிகாலைதான் நேரம். பகலில் தார் இளகி உளியில் அப்பிக்கொள்ளும், அதிகாலைக் குளிரில் கொஞ்சம் விறைத்திருக்கும்போது தட்டினால் சில்லுச் சில்லாக வரும். ஐஸ்கட்டியைக் கவரில் போட்டு அதன்மேல் கால் மணி நேரம் வைத்துவிட்டுத் தட்டினால் இன்னும் சுலபம். மிச்சக் கறைக்கு மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன், அதன்பின் சோப்புத் தண்ணீர். இந்த வாடை முழுக்கப் போகும்வரை ஹீட் கன், வெல்டிங் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. கழுவுவதற்கு போர் தண்ணீர் வேண்டாம். கடலோர ஊர்களில் அது உவர் என்பதால், உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவதாகிவிடும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் நான்கு வாளி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடிப் பக்கத்தால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று சொல்லும். துரு தின்ற இடம் 'சொத்' என்று மந்தமாகக் கேட்கும். அங்கே முனையை வைத்து அழுத்துங்கள், பயந்து மெதுவாக அழுத்தாதீர்கள். உள்ளே போகவேண்டிய தகடு இன்றைக்கே போகட்டும். மேல்துரு மட்டும் என்றால் வீட்டிலேயே முடித்துவிடலாம். கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் உப்புத்தாள், பளபளப்பு தெரியும்வரை. பள்ளங்களில் மிச்சமிருப்பதற்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர். அது காய்ந்தபின் டப்பாவில் சொல்லியபடி துடைத்து, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட்டு, ஒரு நாள் விட்டுப் பெயின்ட். தகடுகள் சேரும் இடங்களில், இடுக்கை அடைக்கும் சீம் சீலர் தடவ வேண்டும்.

ஓட்டை விழுந்திருந்தால் டிங்கர் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஃபைபர் துணியும் பட்டியும் வைத்து மூடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சீட் போல்ட்டுக்கோ பெல்ட் போல்ட்டுக்கோ பக்கத்தில் அதைச் செய்வது ஆபத்து. மோதலின்போது மனிதரைப் பிடித்து வைப்பது அந்தத் தகடுதான், பட்டி யாரையும் பிடித்து வைக்காது. நல்ல இரும்பு தெரியும்வரை அறுத்தெடுத்து, 20 கேஜ் தகட்டை வெட்டி, சிஓடூ வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒரே கோடாக இழுத்தால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். வெல்டு வைப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பது கட்டாயம். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் தரையை ஒட்டித்தான் ஓடுகின்றன. அவற்றை நகர்த்தாமல் வெல்டிங் துப்பாக்கியை எடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். முடிந்ததும் தரையின் வடிகால் ஓட்டைகளுக்கு ரப்பர் மூடிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மூடி தொலைந்தாலே மழையில் டயர் அடிக்கும் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

வாங்கும்போது

மாருதி 800-ன் வெளி அகலமே 1440 மில்லிமீட்டர்தான், ஆனாலும் தரையின் மேடு பள்ளத்தோடு டேப்பை வளைத்து அளந்தால் நினைத்ததைவிடக் கூடுதலாக வரும். ஒரு கதவுப் படியிலிருந்து நடு மேட்டில் ஏறி இறங்கி மறு படி வரைக்கும், முன் தடுப்புத் தகட்டில் பெடலுக்கு மேலே ஒரு கையகலத்திலிருந்து பின் சீட் அடி வரைக்கும் அளந்து, ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூட்டுங்கள். 6 அடி அகல ரோலில் சிறிய காருக்கு இரண்டரை மீட்டர் எடுத்தால் தட்டுப்பாடு வராது. அம்பாசடரிலும் பத்மினியிலும் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டுக்காக நடு மேடு உயரமாக இருக்கும். அதில் ஒரே துண்டை வளைக்க முயல்வது வீண், மேட்டுக்குத் தனித் துண்டு, இருபுறமும் தனித் துண்டு என்று மூன்றாக வெட்டுவதே சுருக்கமில்லாமல் அமரும்.

கடையில் 'நீடில் பஞ்ச்' என்று கேட்டால் தருவார்கள். அதிலேயே இரண்டு நூல் உண்டு, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஓரத்திலிருந்து நாலு இழை பிய்த்து, சோப்பு கலந்த தண்ணீரில் நன்றாக நனைத்து அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன், மூழ்கினால் பாலியஸ்டர். முன்னது 160 டிகிரி சுற்றிலேயே உருகிவிடும், பின்னது 250 டிகிரி வரை தாங்கும். ஹீட் கன்னிலிருந்து வரும் காற்று இரண்டையுமே தாண்டும் என்பதால், எதுவானாலும் கன்னின் முனையை அரை அடிக்குக் குறையாமல் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறத்தில் கறுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேரி மண் ஒரு நாளில் காட்டிக்கொடுத்துவிடும். பழுப்போ இளஞ்சாம்பலோ நம் ஊருக்குப் பொருந்தும்.

ஃபெல்ட்டுக்குப் பதிலாகத் தண்ணீர் குடிக்காத மூடிய துளை ஃபோம், 5 மில்லிமீட்டர் கனம். தென்னை நார் ஃபெல்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம், மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்போம். ஆனால் ஃபோமையும் தரை முழுக்க ஒரே ஷீட்டாக ஒட்டினால் அதன் அடியில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். கால் வைக்கும் பள்ளத்தின் மிகத் தாழ்ந்த இடத்திலும் ரப்பர் மூடிகளைச் சுற்றிலும் கையகலம் ஃபோம் இல்லாமல் விட்டுவிடுங்கள்.

விரிப்பதும் வெட்டுவதும்

புது கார்பெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் பழசையும் கவிழ்த்து வைத்து வரையுங்கள். ஒன்றைக் கவிழ்த்து மற்றதை நிமிர்த்தி வைத்தால் இடது வலது மாறி, முழுத் துணியும் வீணாகும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. வரைந்த கோட்டுக்கு வெளியே 2 அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஓட்டை எதையும் இப்போது போட வேண்டாம். மதிய வெயிலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் வண்டிக்குள் கொண்டுபோய் நடு மேட்டில் முதலில் உட்கார வைக்க வேண்டும். கியர் லீவருக்கு மட்டும் சின்னதாக ஒரு குறுக்குவெட்டு. நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் கையால் நீவிக்கொண்டே போய், பள்ளங்களில் மணல் மூட்டை வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பாதிச் சுருக்கம் தானாகப் போயிருக்கும்.

பசை தரைக்கு வேண்டாம். முன் தடுப்புத் தகடு, மேட்டின் பக்கவாட்டு, சக்கர வளைவு என்று செங்குத்தான இடங்களுக்கு மட்டும் போதும். எஸ்ஆர் (செயற்கை ரப்பர்) வகைப் பசையை இரு பக்கமும் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால், மூடிய காரின் சூட்டில் குமிழி எழும்பிப் பிரிந்துவிடும். நான்கு கதவும் திறந்திருக்கட்டும், அந்த வாடை தலையைக் கிறங்க வைக்கும்.

சீட் போல்ட் ஓட்டைகள் கடைசி. கார்பெட்டை விரிக்கும் முன்பே பழைய நீளமான போல்ட்டுகளை அந்தந்த ஓட்டையில் இரண்டு சுற்று மாட்டி வைத்தால், மேலே தடவும்போது புடைப்புத் தெரியும். அந்த இடத்தில் சூடான சால்டரிங் இரும்பால் துளை போடுங்கள். டிரில் வைத்தால் பிட்டில் நூல் சுற்றிக்கொண்டு ஒரு கோடாக உரிந்துவிடும். ஓரம் அடிக்க மட்டும் சீட் கவர் தைப்பவரிடம் போங்கள். வீட்டுத் தையல் மெஷின் இந்தக் கனத்தைத் தாங்காது, அவர் ரெக்ஸின் பட்டை வைத்து அரை மணி நேரத்தில் பைப்பிங் அடித்துக் கொடுத்துவிடுவார்.

எல்லாம் மாட்டியபின் வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் மூன்று பெடலையும் கையால் அடி வரை அழுத்திப் பாருங்கள். பெடலுக்குப் பின்னால் ஃபோம் கனமாக இருந்தால் கிளட்ச் முழுக்கப் போகாது, கியர் கரகரக்கும். கியர்பாக்ஸில்தான் கோளாறு என்று பட்டறையில் பிரிக்கச் சொல்வார்கள். ஆக்சிலரேட்டர் அதைவிட முக்கியம், கார்பெட் ஓரம் அதில் சிக்கினால் அமுங்கிய பெடல் திரும்பாது. அழுத்திவிட்டால் தட்டென்று மேலே வர வேண்டும், ஒருமுறை தயங்கினாலும் அந்த ஓரத்தை இன்னும் வெட்டுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

முன்னிரண்டு கால் பள்ளங்களிலும் கதவோர மூலையைப் பசையில்லாமல், படித் தகட்டின் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் தூக்க வருகிற மாதிரி விட்டு வையுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டிய மறுநாள் காலை, அந்த மூலையைத் தூக்கி, ஃபோமுக்கு அடியில் நான்கு விரலையும் விட்டுத் தகட்டைத் தடவிப் பாருங்கள். நனைந்திருந்தால் கோலப்பொடி டப்பாவை மறுபடி எடுக்க வேண்டும். காய்ந்திருந்தால் ஸ்க்ரூவை மாட்டிவிடலாம்.